சொன்னது யார் என்று கோர்ட் கேட்டால்?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் நாளிதழ் நிருபராக இருக்கிறேன். அரசு மருத்துவமனைக்கு மருந்தும் உபகரணமும் வாங்கியதில் ஒரே ஒப்பந்ததாரருக்குத் திரும்பத் திரும்ப ஆர்டர் போனதைக் கோப்புப் பக்கத்தின் படத்தோடு எழுதினேன். கோப்பைக் காட்டியவர் அந்த அலுவலகத்தில் இருப்பவர்தான். பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போது ஒப்பந்ததாரர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவதூறு வழக்குப் போட்டு, எனக்கும் எங்கள் ஆசிரியருக்கும் சம்மன் வந்திருக்கிறது. கோப்பு திருடுபோனதாக அலுவலகம் போலீஸில் புகார் கொடுத்து, ‘போனோடு ஸ்டேஷனுக்கு வாங்க’ என்று இன்ஸ்பெக்டர் கூப்பிடுகிறார். ‘பெயரைச் சொல்லி முடித்துவிடு, உனக்காக நிர்வாகம் கோர்ட்டுக்கு அலைய முடியாது’ என்கிறார் செய்தி ஆசிரியர். கோர்ட் கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டுமா? சொல்லாவிட்டால் சிறையா? வக்கீலுக்கும் டாக்டருக்கும் இருக்கும் உரிமை எங்களுக்குக் கிடையாதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியத்தை அச்சுக்கு விடவில்லை. கோப்பைக் காட்டியவர் எந்தப் பிரிவில் இருக்கிறார், எப்போது அங்கே மாறுதலாகி வந்தார் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் யார் படித்தாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். என்னிடம் வரும் வழக்குகளில் சோர்ஸின், அதாவது தகவல் கொடுத்தவரின் பெயர் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே போகிறது. நீதிபதி கேட்டு, நிருபர் கூண்டில் நின்று சொல்வது அபூர்வம்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சோர்ஸின் பெயரைச் சொல்ல மறுக்கும் உரிமையை நிருபருக்குத் தரும் சட்டம் இந்தியாவில் இல்லை. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்திலும் இல்லை. யார் யார் எதைச் சொல்லாமல் இருக்கலாம் என்று அந்தச் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. கணவன் மனைவி தங்களுக்குள் பேசிக்கொண்டது அதில் வரும். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது வரும். டாக்டரை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள், அவருக்கு அங்கே இடமில்லை. தொழில் ஒழுக்க விதியோடு சரி, கோர்ட் கேட்டால் அவரும் பேசித்தான் ஆகவேண்டும். போலீஸுக்கு இடம் இருப்பதுதான் வேடிக்கை. குற்றம் நடந்ததாகத் துப்புக் கொடுத்தது யார் என்று சொல்லும்படி எந்த போலீஸ் அதிகாரியையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 131-வது பிரிவு. ஒருவர் இன்ஸ்பெக்டரிடம் போய் ரகசியம் சொன்னால் சட்டம் அவர் பெயரை மூடி வைக்கும். அதே ஆள் அதே விஷயத்தை உங்களிடம் சொன்னால் கையை விரித்துவிடும்.

‘பத்திரிகைக் கவுன்சில் சட்டத்தில் இருக்கிறதே’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். 1978-ம் ஆண்டு சட்டத்தின் 15(2) பிரிவு, சோர்ஸை வெளியிடும்படி எந்தப் பத்திரிகையாளரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்வது உண்மைதான். ஆனால் அது கவுன்சில் தானே நடத்தும் விசாரணைக்கு. கோர்ட்டில் அதைக் காட்டி வாதாடலாம், அது உங்களுக்கு உரிமையாகிவிடாது. சாட்சியச் சட்டத்திலேயே இதற்கென்று ஒரு புதுப் பிரிவு வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 93-வது அறிக்கையில் 1983-லேயே பரிந்துரைத்தது. 2023-ல் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் அந்த அறிக்கையை யாரும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி மறுபக்கம். பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் 2021 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம், சோர்ஸுக்குப் பாதுகாப்பு என்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று, அது இல்லாவிட்டால் தகவல் தருபவர்கள் தயங்கிப் பின்வாங்குவார்கள் என்று எழுதியது. ஏறக்குறைய இதே வாசகங்களை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996-ல் எழுதியிருந்தது. இங்கிலாந்தில் ஒரு பொறியியல் பத்திரிகையில் பயிற்சி நிருபராக இருந்த வில்லியம் குட்வின், ஒரு கம்பெனியின் பண நெருக்கடி பற்றித் தனக்குச் சொன்னவரின் பெயரைத் தர மறுத்தார். அங்குள்ள கோர்ட்டுகள் 5,000 பவுண்டு அபராதம் போட்டன. அவர் அந்த ஐரோப்பிய நீதிமன்றம் இருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் வரை போய் ஜெயித்தார். உங்கள் வக்கீல் இந்த இரண்டு தீர்ப்புகளையும் கையில் வைத்திருக்கட்டும்.

எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இருக்கப்போவது வேறொன்று. முலாயம் சிங் யாதவ் குடும்பத்தின் சொத்து வழக்கு தொடர்பாக 2009-ல் ஊடகங்களில் வந்த ஓர் ஆவணம் போலி என்று சிபிஐ கண்டுபிடித்தது. நிருபர்கள் சோர்ஸைச் சொல்லவில்லை, எனவே போலியாகத் தயாரித்தவரைப் பிடிக்க முடியவில்லை என்று வழக்கை முடிக்கப் பார்த்தது. 2023 ஜனவரியில் டெல்லி கோர்ட் அதை ஏற்கவில்லை. புலனாய்வு அமைப்பிடம் சோர்ஸைச் சொல்லாமலிருக்க இந்தியாவில் பத்திரிகையாளருக்குச் சட்டப்படி விலக்கு கிடையாது, மேற்கொண்டு விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். ஆனால் உங்கள் வழக்கில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்கவில்லை. நீங்கள் அங்கே சாட்சி இல்லை, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்.

கிரிமினல் அவதூறு வழக்கில் எதிரியைத் தனக்கெதிராகச் சாட்சி சொல்ல வைக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 20(3) அதற்கு இருக்கிறது. சாட்சியம் முடிந்தபின் மாஜிஸ்திரேட் உங்களை நேரடியாகச் சில கேள்விகள் கேட்பார். அதற்குச் சத்தியப் பிரமாணம் இல்லை, பதில் சொல்ல மறுத்தால் தண்டனையும் இல்லை. நீங்களாக எழுதிக் கொடுத்துக் கேட்டாலொழிய உங்களைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆபத்து அந்த ஓர் இடத்தில்தான். நிருபர்களுக்குத் தன் கதையைத் தானே சொல்லவேண்டும் என்று ஒரு துடிப்பு உண்டு. ‘நானே ஏறிச் சொல்கிறேன் சார்’ என்று கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே ‘இந்தப் பேப்பரை யார் கொடுத்தது?’ என்றுதான் வரும். தானாக ஏறிய சாட்சிக்கு அப்புறம் 20(3) கைகொடுக்காது. ஏறாதீர்கள்.

ஏறாமல் எப்படி ஜெயிப்பது? ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன’ என்பது பத்திரிகையில் ஓடும், கோர்ட்டில் ஓடாது. எழுதியது உண்மை, அதைச் சொன்னது பொதுநலனுக்காக என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் இருக்கிறது. அதற்கு உங்களுக்குத் தேவை கோப்புதான், கோப்பைக் காட்டிய ஆள் இல்லை. கோப்பு அரசுடையது. அந்தக் கொள்முதல் உத்தரவுகளுக்கும் ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியலுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்றைக்கே மனுப் போடுங்கள், சான்றிட்ட நகல் வேண்டும் என்று குறிப்பிட்டு. 30 நாளில் பதில் வரவேண்டும். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதமும் உங்கள் கட்டில் இருக்கட்டும். வழக்கு நடக்கும்போது மூலக் கோப்பையே கோர்ட்டுக்கு வரவழைக்கும்படி உங்கள் வக்கீல் மனுச் செய்யலாம். அலுவலகத்திலிருந்து அதிகாரப்பூர்வமாக ஒருவர் கோப்போடு வந்து நின்று, ‘ஆமாம், இது எங்கள் கோப்புதான்’ என்று சொன்னால் போதும்.

‘திருட்டுக் கோப்பு செல்லாது’ என்று ஒப்பந்ததாரர் தரப்பு கத்தும். கத்தட்டும். ரஃபேல் போர் விமானக் கொள்முதல் ஆவணங்களை ‘தி இந்து’ வெளியிட்டபோது, அவை பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து திருடப்பட்டவை என்று 2019 மார்ச்சில் அட்டர்னி ஜெனரலே உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். சோர்ஸைப் பற்றி யாரும் எங்களிடமிருந்து எதுவும் பெற முடியாது என்று அந்தப் பத்திரிகையின் என். ராம் வெளிப்படையாக அறிவித்தார். ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அரசின் ஆட்சேபத்தைத் தள்ளி, அந்த ஆவணங்களைப் பார்க்கலாம் என்றார்கள். மனுதாரர்கள் பிறகு வழக்கில் தோற்றது வேறு கதை. ஆவணம் வழக்குக்குச் சம்பந்தப்பட்டதா என்றுதான் கோர்ட் பார்க்கும், எந்த வழியில் வந்தது என்பதற்காக மட்டும் அதைத் தூக்கி எறியாது. 1974-லிருந்தே நம் நீதிமன்றங்களின் நிலை அதுதான்.

போலீஸ் விவகாரம் வேறு மாதிரி. திருட்டுப் புகாரில் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். போனில் கூப்பிட்டால் போகவேண்டிய அவசியமில்லை, எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது என்று, குற்ற விசாரணை நடைமுறைக்கான புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரட்டும், பக்கத்தில் உங்கள் வக்கீல் இருக்கட்டும். கேட்பதற்கு உண்மையாகப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு. ஆனால் உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை. திருட்டுப்பொருளைக் கைவசம் வைத்திருந்ததாக நாளைக்கு உங்களையே எதிரியாகச் சேர்க்க வாய்ப்பிருக்கும்போது, ‘யார் கொடுத்தது’ என்பதும் அந்த வகைக் கேள்விதான். பொய் மட்டும் சொல்லாதீர்கள். ‘தபாலில் வந்தது’ என்று சொல்லிவிடச் சில சீனியர்கள் யோசனை தருவார்கள். பதில் சொல்ல மறுப்பதை நான் கோர்ட்டில் காப்பாற்ற முடியும், பொய்யைக் காப்பாற்ற முடியாது.

போனை ‘சும்மா பார்த்துட்டுத் தர்றோம்’ என்பார்கள். தராதீர்கள். பறிமுதல் என்றால் மகஜர் போடவேண்டும், பறிமுதலை வீடியோ எடுக்கவேண்டும் என்று அதே புதுச் சட்டத்தில் 105-வது பிரிவு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் முதல் தகவல் அறிக்கை வெளியான விவகாரத்தில் சிறப்புப் புலனாய்வுக் குழு நிருபர்களின் போன்களை வாங்கி வைத்துக்கொண்டது நினைவிருக்கும். 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது, நிருபர்களைத் துன்புறுத்தக் கூடாது என்றது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், பத்திரிகையாளர் போனில் சோர்ஸ் இருக்கும், பறிமுதலுக்கு வழிமுறை வேண்டும் என்று மத்திய அரசிடம் சொன்னது. இரண்டும் உங்களுக்குப் பயன்படும். ஆனால் உங்கள் போனைத் தொடாமலே உங்கள் நம்பரின் சி.டி.ஆர்., அதாவது அழைப்புப் பட்டியலை எடுத்துவிட முடியும். செய்தி வந்த வாரத்தில் நீங்கள் யாரோடு எத்தனை தடவை பேசினீர்கள் என்பது அதில் வரிசையாக இருக்கும்.

போன் ஒருபக்கம் இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய செய்தி நறுக்கை மேசை விளக்கில் வைத்துப் பார்த்தேன். கோப்பின் குறிப்புப் பக்கத்தை முழுசாகப் போட்டிருக்கிறீர்கள். கடைசியாக இருப்பது பிரிவுக் கண்காணிப்பாளரின் சுருக்கொப்பமும் தேதியும். அதற்குக் கீழே காலி. அடுத்த அதிகாரி கையெழுத்துப் போடும் முன்னால், கோப்பு எந்த மேசையில் கிடந்தபோது படம் எடுக்கப்பட்டது என்பதை, யாரிடம் எந்தக் கோப்பு இருந்தது என்று காட்டும் தன்பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒரு தலைமை எழுத்தர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். இங்கிலாந்தில் 1983-ல் ‘கார்டியன்’ பத்திரிகைக்கு இப்படித்தான் நடந்தது. ரகசியக் குறிப்பின் நகலைத் திருப்பிக் கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிட, பத்திரிகை கொடுத்தது. தாளிலிருந்த அடையாளங்களை வைத்து சாரா டிஸ்டால் என்ற இளம் எழுத்தரைப் பிடித்தார்கள். ஆறு மாதச் சிறைத் தண்டனை. பெயரை யாரும் சொல்லவில்லை, தாளே சொல்லிவிட்டது. அடுத்த தடவை தகவலைத் தட்டச்சு செய்து போடுங்கள், படத்தைப் போடாதீர்கள். ஆனால் ஒன்று: இப்போது சம்மன் வந்துவிட்டது. இனிமேல் எதையும் அழிக்காதீர்கள். கோர்ட்டில் காட்டவேண்டி வரக்கூடிய ஆவணத்தை அழிப்பது தனிக் குற்றம்.

உங்கள் செய்தி ஆசிரியருக்கு நான் எழுதியதாகவே இதைச் சொல்லுங்கள். 1982-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேன் கோஹன் என்பவர் பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையில் ஒரு தகவல் கொடுத்தார். நிருபர்கள் வாக்குக் கொடுத்தார்கள், ஆசிரியர்கள் மேசையில் அமர்ந்து அதை மீறிப் பெயரைப் போட்டார்கள். அன்றைக்கே கோஹனின் வேலை போயிற்று. அவர் வழக்குப் போட்டார், 1991-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழக்கு செல்லும் என்றது, கடைசியில் பத்திரிகைகள் 2 லட்சம் டாலர் கட்டின. அந்தத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் நீங்கள் கொடுத்த வாக்கு உங்கள் பத்திரிகையின் வாக்கு. அதோடு, பத்திரிகையில் ஆசிரியர் என்று பெயர் அச்சாகும் மனிதரும் இந்த வழக்கில் எதிரி. பெயரைச் சொன்னால் வழக்கு முடியும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. ஒப்பந்ததாரர் வழக்கை வாபஸ் வாங்கப்போவதில்லை. உங்கள் தரப்பில் பேச இருந்த ஒரே ஆள் சஸ்பெண்ட் ஆகி வீட்டில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

சிறை பற்றிக் கேட்டீர்கள். வேறொரு வழக்கில் உங்களைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றி, நீதிபதியே கேட்டு, நீங்கள் மறுத்தால் என்ன ஆகும்? நியாயமான காரணம் இல்லாமல் பதில் மறுக்கும் சாட்சியை ஏழு நாள் வரை காவலில் வைக்கலாம், அப்புறமும் மறுத்தால் மேல் நடவடிக்கை வரும். அந்த ‘நியாயமான காரணம்’ என்ற இரண்டு சொல்லில்தான் எங்களுக்கு வேலை. கொடுத்த வாக்கு, பேச்சுரிமை தரும் அரசியல் சட்டத்தின் 19(1)(அ), 2021 பெகாசஸ் தீர்ப்பு மூன்றையும் வைத்து இது நியாயமான காரணம் என்று வாதாடுவோம். இந்தப் பெயர் தெரியாமல் வழக்கைத் தீர்க்க முடியாதா, வேறு வழியெல்லாம் பார்த்தாகிவிட்டதா என்று திருப்பிக் கேட்போம். ‘மூடி முத்திரையிட்ட உறையில் நீதிபதிக்கு மட்டும் கொடுத்துவிடலாமே’ என்று யாராவது சமரசம் பேசினால் உடனே தலையாட்டாதீர்கள். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறி என்றது சிபிஐ, நம்பாதவர்கள் இன்றும் நிறைய. அதன்பின் 2014-ல் வந்த ஊழலை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டத்தை இன்னும் அமலுக்கே கொண்டுவரவில்லை.

அப்படியானால் கோர்ட்டுக்கு இந்த அதிகாரமே கூடாதா? என் நண்பர்கள் பலர் கூடாது என்பார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 1978-ல் நியூ ஜெர்சியில் நோயாளிகளைக் கொன்றதாக ஒரு மருத்துவர்மேல் வழக்கு. வழக்குக்கு வித்திட்டது ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபர் மைரன் ஃபார்பரின் செய்திகள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவருடைய குறிப்புகள் வேண்டும் என்றார் மருத்துவர், ஃபார்பர் மறுத்து 40 நாள் சிறையில் இருந்தார். மருத்துவர் விடுதலையானார். ஆகாமல் போயிருந்தால்? ஆயுள் தண்டனையை எதிர்நோக்கி நிற்கும் ஒருவருக்கு, அவர் நிரபராதி என்று காட்டக்கூடிய பெயர் என் கட்சிக்காரரின் நோட்டில் இருந்தால், அந்த வழக்கில் நீதிபதிக்குக் கேட்கும் அதிகாரம் இருக்கவேண்டும் என்றுதான் சொல்வேன். தெரிந்தே போலி ஆவணத்தைக் கொடுத்து ஏமாற்றியவருக்கும் வாக்கு செல்லாது என்பது என் கட்சி.

ஆனால் சோர்ஸ் நல்லவரா கெட்டவரா என்று பார்த்து உரிமை தருவதை ஏற்கமாட்டேன். ஜூடித் மில்லர் 2005-ல் 85 நாள் சிறையிலிருந்தது ஓர் ஏழை எழுத்தருக்காக அல்ல, அமெரிக்கத் துணை அதிபரின் தலைமை அலுவலருக்காக. அரசைக் குறைசொன்னவரின் மனைவி உளவுத்துறையில் இருப்பதைக் கசியவிட்ட விவகாரம். பார்க்கவே எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அவருக்குக் கொடுத்த வாக்கு செல்லாது என்றால், உங்கள் மருத்துவமனைக் கோப்புக்காரருக்குக் கொடுத்த வாக்கும் எப்போது செல்லாமல் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போஃபர்ஸ் பீரங்கி பேர ஆவணங்களை நிருபர் சித்ரா சுப்ரமணியத்துக்குக் கொடுத்த ஸ்வீடன் போலீஸ் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம், 2012-ல் தானாகவே வெளியே வந்து சொன்னார். கால் நூற்றாண்டு அவர் பெயர் வெளியே வராததற்கு எந்தச் சட்டமும் காரணமில்லை.

ஒப்பந்ததாரரின் செல்வாக்கு உங்கள் வழக்கில் அந்த ஆயுள் தண்டனைக்கு ஈடாகாது. அவருக்கு வேண்டியது நீதி என்றால் கோப்பு போதும். பெயரைக் கேட்பது பழிவாங்க.

இனி உடனே செய்யவேண்டியது. வழக்கை ஏற்பதற்கு முன்பே எதிரிகளைக் கேட்கவேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-வது பிரிவு சொல்கிறது. உங்களுக்கு அப்படியொரு நோட்டீஸ் வந்ததா, நேரே சம்மன்தான் வந்ததா என்று தேதியோடு எடுத்து வையுங்கள். நேரே சம்மன் என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கை ரத்துசெய்யக் கேட்க அதுவே ஒரு காரணம். நீங்கள் கோப்புக்காரரோடு போனில் பேசாதீர்கள், ‘பயப்படாதீங்க’ என்று சொல்வதற்குக்கூட. வேண்டுமானால் அவர் தனியாக ஒரு வக்கீலைப் பார்க்கட்டும், உங்கள் வக்கீலை வேண்டாம். நிர்வாகம் வக்கீல் வைக்காவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, இலவசமாகவே வக்கீல் தருவார்கள். மனுவில் வழக்கு எண்ணும் அடுத்த வாய்தா தேதியும் இருந்தால் போதும். கோப்புக்காரரைப் பற்றி அங்கேயும் ஒரு வார்த்தை எழுதவேண்டாம்.